வினாகிரிச் சாடிக்கு ஒரு ஸலாம்

சாடியின் வாயில் கட்டியிருக்கும் துணியை அவிழ்க்குமுன் உம்மு குல்தூம் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்பார். உரத்த குரலில் அல்ல. அடுத்த வீட்டு வாசலில் நின்று ஆளைக் கூப்பிடுகிற அளவில். சொல்லிவிட்டுச் சற்றுப் பொறுப்பார். பிறகுதான் முடிச்சில் கை வைப்பார். உள்ளே எட்டிப் பார்த்து, மணம் பிடித்து, திருப்தியானால் துணியைத் திரும்பக் கட்டிவிட்டு அடுத்த சாடிக்குப் போவார். அதற்கும் ஒரு ஸலாம். கொட்டிலில் உள்ள சாடி வரிசை முடியும்வரை இதே கதைதான்.

யாருக்கு இந்த ஸலாம் என்று முதன்முதலில் போனபோது கேட்டேன்.

"ஆள் இல்லாத ஊட்டுக்குப் போனாலும் ஸலாம் சொல்லிட்டுத்தானே உள்ளுக்குப் போறோம், மருந்து மாத்தயா. இது ஆள் நெறஞ்ச ஊடு."

ஆள் என்று அவர் சொன்னது தேங்காய்த் தண்ணீரைப் புளிக்கவைத்து வினாகிரி என்ற காடியாக்கும் நுண்ணிய உயிர்களை. நான் மாத்தளை ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கிறவன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து இந்த ஊரோடு ஒட்டிக்கொண்டவன். பழக்கதோஷத்தில் "கிருமி" என்று சொல்லிவிட்டேன். பெற்ற பிள்ளையைப் பழித்ததுபோல அவர் முகம் சுருங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கொட்டிலுக்குள் நானும் "ஆளுங்க" என்றே சொல்லி வருகிறேன்.

கொட்டில் இருப்பது மாத்தளையை அடுத்த அலுவிகாரையில், பெரிய வீதியிலிருந்து சற்று உள்ளே, அவர் வீட்டின் பின்புறம். தகரக் கூரை, சாக்குத் திரை, பழுப்பு நிறப் பீங்கான் சாடிகள். உள்ளே கால் வைத்ததும் புளிப்பு மூக்கில் ஏறி, கண்ணைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கும். அந்தப் புளிப்பின் நடுவே நின்றுகொண்டு உம்மு குல்தூம் சிரிப்பார். நல்ல பருத்த சரீரம், நாற்பத்தைந்தைத் தாண்டாத வயது. விரல்கள் எந்நேரமும் ஈரமாக இருப்பதால் தலையிலிருந்து வழுக்கும் முக்காட்டை மணிக்கட்டால் தள்ளித் தள்ளியே மேலே ஏற்றுவார். வளையல்களை முழங்கைக்கு மேலே தள்ளி இறுக்கி வைத்திருப்பார். சாடியின் விளிம்பில் வளையல் பட்டுச் சத்தம் போட்டால் உள்ளே இருப்பவர்களின் தூக்கம் கெட்டுவிடுமாம்.

சரக்கு வருவது பஸ்ஸில். கணவர் மஹ்ரூப் கலேவெல பஸ்ஸின் கொண்டக்டர். சில வருஷங்களுக்கு முன் பஸ்களையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது மஹ்ரூபையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. பின் சீற்றின் அடியில் பயணம் செய்யும் தகரப் பேணிகளை மட்டும் எடுக்கவில்லை. கலேவெலையில் ஜவாஹிர் முதலாளியின் கொப்பறாக் கொட்டிலில் தேங்காய் உடைக்கிறபோது காண் என்கிற வடிகாலில் ஓடிப்போகிற தண்ணீரை அந்தப் பேணிகளில் பிடித்து வருவார். அலுவிகாரைச் சந்தி வந்ததும் மணியை இரண்டு தடவை நீட்டி அடிப்பார். உம்மு குல்தூம் வீதியோரத்தில் தயாராக நிற்பார். பேணிகள் இறங்கும்வரை பயணிகள் முணுமுணுப்பார்கள். "கோவிக்காதீங்க, ஒங்க அச்சாறுதான் எறங்குது" என்று, அவர்கள் வீட்டு ஊறுகாயை நினைவூட்டி, அவர் கீழிருந்தே சமாதானம் சொல்வார்.

தேங்காய்த் தண்ணீர் இரவு தாங்காது. அன்றைக்கே கொதிக்கவைத்து, ஆறவைத்து, கொஞ்சம் சீனி கரைக்க வேண்டும். இதற்கு மேல்தான் உம்மு குல்தூமின் வழி தனி வழி. எதிர்வீட்டுச் சிங்களப் பெண்மணி நோனாவும் வினாகிரி போடுகிறவர். அவர் தண்ணீரைச் சும்மா விட்டுவிடுவார். அது முதலில் கள்ளாகும், பிறகு தானே புளித்து வினாகிரியாகும். உம்மு குல்தூமின் வீட்டில் அது ஆகாது. கள்ளாக நிற்கிற வேளையே அந்தத் தண்ணீருக்கு வரக்கூடாது என்பது அவருடைய வாப்பா காலத்துக் கட்டளை. ஆகையால் சீனி கரைந்த உடனேயே பழைய வினாகிரியைத் தாராளமாக ஊற்றிவிடுவார். அந்தப் பழைய வினாகிரி இருப்பது மூலையில் நிற்கும் சின்னச் சாடியில். அதற்குப் பெயர் மூத்தவ. எந்தக் காலத்திலும் மூத்தவளை முழுதாகக் காலி செய்வதில்லை. எடுத்த அளவுக்குத் திரும்ப ஊற்றி வைப்பார்.

"நோனாட ஆளுங்க குடிச்சிட்டு வேலைக்கு வாறவங்க. எங்கட ஆளுங்க நோன்போட வாறவங்க" என்று நோனாவை வைத்துக்கொண்டே சொல்வார். நோனாவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். தன் பங்குக்குச் சிங்களத்தில் ஏதோ திருப்பிக் கொடுப்பார், இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்.

இந்த நோன்புக்காரர்களிடம் ஒரு விசேஷம் உண்டு. புளிக்கிற நீரின் மேல் வெள்ளையாய் ஓர் ஆடை கட்டுவார்கள். நோனாவின் சாடியில் அது காகிதம்போலத்தான் இருக்கும். உம்மு குல்தூமின் சாடியிலோ தொட்டால் துள்ளுகிற கனம். எனக்குத் தெரிந்த அளவில் விளக்கம் இதுதான்: அந்த உயிர்கள் சீனியைத் தின்று, கண்ணுக்குத் தெரியாத நூலாக வெளியே விட்டு, நூலோடு நூலாகப் பின்னுகின்றன. பஞ்சில் இருக்கிறதும் அதே பொருள்தான். ஆரம்பத்திலிருந்தே புளிப்பில் வளர்வதால் அவர் வீட்டு ஆட்களுக்குப் பின்னும் உற்சாகம் அதிகம். இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. அந்த ஆடையை அவர் ஏற்கெனவே போர்வை என்றுதான் சொல்லி வந்தார்.

வினாகிரி பதமாகிவிட்டதா என்று பார்க்க அவரிடம் ஒரு கருவி இருக்கிறது. அது மஹ்ரூபின் இடது கண். கரண்டியில் கொஞ்சம் எடுத்து மனிதரின் வாயில் விட்டுவிட்டு முகத்தையே பார்ப்பார். இடது கண் தானாக மூடிக்கொண்டால் போத்தலில் அடைக்கலாம். மூடாவிட்டால் சாடிக்கு இன்னும் ஓய்வு வேண்டும். மஹ்ரூப் பேச்சுக் குறைந்தவர். தன் கண்ணின் பெருமையைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

எனக்கு இந்தக் குடும்பம் பழக்கமானது பதுர்தீனால். பதுர்தீன் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறவர்; கை மணத்துக்குப் பேர் போனவர். அலுவிகாரையில் ஒரு வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தபோது எண்ணெய்ச் சட்டி சரிந்து இரண்டு காலிலும் ஒரு கையிலும் கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். சுட்ட புண்ணோடு வருகிறவர்கள் சாம்பல், பேனா மை, அரைத்த இலை என்று கையில் கிடைத்ததையெல்லாம் அப்பிக்கொண்டு வருவார்கள். அதைச் சுரண்டி எடுப்பதே எங்களுக்குப் பெரும்பாடு. பதுர்தீனின் கையிலோ ஈரமான வெள்ளைத் தோல் ஒன்று சுற்றியிருந்தது. டொக்டர் அதை நுனியில் பிடித்து உரித்தார். முனகலே இல்லாமல் கழன்று வந்தது. அடியில் புண் சுத்தமாக இருந்தது. டொக்டர் அந்தத் தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, யார் போட்டது என்று விசாரித்தார்.

கதவோரத்தில் நின்ற உம்மு குல்தூம் தலையைக் காட்டினார். ஊரில் முழங்கால் தேய்த்துக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் அதைத்தான் போடுவாராம். புளிப்புப் போகக் கொதிக்கவைத்து, அலசி, ஆறவைத்துப் போட்டதாகவும், அன்று கைவசம் இருந்தது ஒரு கைக்குத்தான் போதியதாகவும் சொன்னார். டொக்டர் சிரித்துவிட்டார். கொதிக்கவைத்தது நல்ல காரியம், ஆனாலும் பெரிய புண் என்றால் கை வைக்காமல் நேரே எங்களிடம் கொண்டு வரவேண்டும் என்று சொல்லிவிட்டு, உரித்த தோலில் ஒரு துண்டை வெட்டிச் சீசாவில் போட்டு மேசைமேல் வைத்துக்கொண்டார்.

பதுர்தீனுக்கு நாடி தளர்ந்திருந்தது. கட்டிலுக்கு மேல் ஒரு போத்தல் தொங்கி, சொட்டுச் சொட்டாக அவர் கைக்குள் இறங்கியது. அது இரத்தமா, தண்ணீரா என்று உம்மு குல்தூம் என்னைக் கேட்டார். இரண்டும் இல்லை, டெக்ஸ்ட்ரான் என்று ஒரு மருந்து என்றேன். சுட்ட புண் வழியாக உடம்பின் நீர் வடிந்துபோகிறபோது, இது இரத்தத்துக்குள் நின்று நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சீமையில் செய்து அனுப்புகிறார்கள். அதைச் செய்வதும் ஓர் ஆள் கூட்டம்தான். சீனிப் பாகைக் கொடுத்தால் பசையாக்கித் தரும். நோனா சிலவேளை கித்துள் மரத்துப் பதநீர் நூலாக இழுபடுகிறதென்று திட்டிக் கொட்டுகிறாரே, அதற்குக் காரணமான கூட்டத்துக்கு இவர்கள் சொந்தக்காரர்கள். சீமையில் அந்தப் பசையைச் சுத்தம் செய்து, அளவாய் நறுக்கி, மருந்தாக்குகிறார்கள்.

உம்மு குல்தூமின் முகம் மலர்ந்ததை நான் என்ன எழுதியும் காட்டிவிட முடியாது.

"அப்ப ஒங்கட ஆஸ்பத்திரியிலயும் நம்மட ஆளுங்க வேல செய்றாங்களா, மாத்தயா? கவுண்மெந்து உத்தியோகமா?"

ஆமென்றேன். அவர் மணிக்கட்டால் முக்காட்டை ஏற்றிக்கொண்டு, நிமிர்ந்து அந்தப் போத்தலைப் பார்த்து, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். தாதி திரும்பிப் பார்த்தாள். தனக்குத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்த பதுர்தீன், அத்தனை வேதனையிலும் கண்ணைத் திறந்து, "வ அலைக்குமுஸ்ஸலாம்" என்று முறையாகப் பதில் சொன்னார். போத்தல்மேல் எங்களுக்கெல்லாம் நம்பிக்கை வந்தது அப்போதுதான். மனிதர் பிழைத்து, நடந்து வீட்டுக்குப் போய், மறுபடி கரண்டி பிடித்தார்.

இனி உம்மு குல்தூமின் ஒரே மகள் றமீஸாவின் கல்யாணக் கதை. பெண்ணுக்குத் தாயின் சிரிப்பும் தகப்பனின் வாயடக்கமும் வாய்த்திருந்தன. சாடிகளோடு வளர்ந்தவள். துணியை அவிழ்க்காமலே மணத்தை வைத்து எது பதமாயிற்று என்று சொல்லிவிடுவாள். கலேவெல ஜவாஹிர் முதலாளியின் மகன் சாலிஹ், பேணி நிரப்பக் கொட்டிலுக்கு வரும் மஹ்ரூபின் குணத்தைக் கண்டு, அந்த வீட்டில்தான் பெண் வேண்டும் என்று சொல்லிவிட்டான். ஜவாஹிருக்குச் சம்மதம். அவர் மனைவி நூருன்னிஸா பெண் பார்க்க வந்தார்.

நூருன்னிஸா நேர்மையான பெண்மணி. மனதில் பட்டதை மனதிலேயே வைத்துக்கொள்ளத் தெரியாது. றமீஸாவின் கையைப் பிடித்துத் தன் மூக்கருகே கொண்டுபோனார்.

"புள்ள தங்கம். கைதான் புளிச்ச வாசம். எங்கட ஊட்டுக்கு வந்தா இந்த வேல வேணாம்."

அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் சமையலறை ஜன்னலுக்குக் கீழேதான் கொப்பறாக் கொட்டிலின் காண். வருஷக் கணக்காக அழுகிய தேங்காய்த் தண்ணீரின் நாற்றத்தில் சமைத்தவர். றமீஸா தலையைக் குனிந்துகொண்டு தன் உள்ளங்கையையே பார்த்தாளாம். தாய் அதைப் பார்த்துவிட்டார்.

"கல்யாணச் சஹன் தட்டுல என்ட வினாகிரி போட்ட அச்சாறு வைக்கிறேன்" என்றார் உம்மு குல்தூம். "அதச் சாப்பிட்டுட்டு, என்ட மகள் சாடியோட வாறதா, சாடி இல்லாம வாறதான்னு நீங்களே சொல்லுங்க."

நூருன்னிஸா யோசித்தார். நல்ல அச்சாறென்றால் அவருக்கும் உயிர். அப்படியே ஆகட்டும் என்றார். கல்யாணம் பேசி முடிந்த கையோடு இந்த உடன்படிக்கையும் முடிந்தது.

கல்யாணத்துக்குச் சொல்ல வேண்டியவர்களை எண்ணிப் பார்த்தால் மாத்தளையில் பாதியும் கலேவெலையில் பாதியும் வந்தது. சாடிகளின் வினாகிரி காணாது; இன்னும் வேண்டும். உம்மு குல்தூம் ஒரு யோசனை செய்தார். கந்தூரிக்கு அரிசி களைவதற்கென்று பள்ளிவாசலில் அகன்ற எனாமல் பேசின்கள் இருக்கின்றன. அவற்றை இரவல் வாங்கி வந்தார். அகலமான பாத்திரத்தில் காற்று நன்றாகப் படும், ஆட்கள் கெதியாக வேலை செய்வார்கள் என்பது அவர் கணக்கு. கணக்கில் பிழையில்லை. மூத்தவளைத் தவிர மற்ற எல்லாச் சாடிகளையும் பேசின்களில் கவிழ்த்தார். புதிதாய் வந்த தேங்காய்த் தண்ணீரையும் கொதிக்கவைத்து ஆற்றிச் சேர்த்தார். கல்யாண வினாகிரி, ஆட்களும் விருந்து சாப்பிடட்டும் என்று சீனியை இரண்டு மடங்காகப் போட்டார். துணியால் மூடினார். கல்யாணத்துக்கு முந்திய வாரம்வரை யாரும் தொடக்கூடாது, அசைக்கக்கூடாது என்று உத்தரவு. தினமும் போய் மூடிய துணிக்கு ஸலாம் சொல்லிவிட்டு மட்டும் வருவார்.

துணி அவிழ்த்த அன்று நானும் என் மனைவி சரோஜினிதேவியும் அங்கே இருந்தோம். ஸலாம் சொல்லி, பொறுத்து, முதல் பேசினைத் திறந்தார். வினாகிரியைக் காணவில்லை. பேசின் நிறைய வெள்ளை வெளேரென்று ஒரு மெத்தை. விரலால் அழுத்தினார், விரலைத் திருப்பித் தள்ளியது. உள்ளங்கைத் தடிப்பு. இரண்டு கையாலும் தூக்கினால் அடியில் கலங்கல் தண்ணீர் கொஞ்சம். அடுத்த பேசினும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. அகன்ற இடமும் அளவில்லாத சீனியும் கிடைத்த சந்தோஷத்தில் அந்த ஆட்கள் இருந்ததையெல்லாம் நூலாக்கிப் பின்னித் தள்ளியிருந்தார்கள்.

"எல்லாத்தையும் போர்வையா நெய்ஞ்சிட்டாங்களே" என்று சொல்லிவிட்டு உம்மு குல்தூம் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்தார். அந்த முகத்தை அப்படி நான் அதற்கு முன் கண்டதில்லை.  றமீஸா தாயின் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் புது வினாகிரி எந்தச் சாடியிலும் பிறக்காது என்பது அவளுக்கும் தெரியும்.

மெத்தைகளைத் துணியில் சுற்றிப் பிழிந்து பார்த்தோம். மேலே பலகை போட்டு மஹ்ரூபை உட்காரவைத்தோம். கொஞ்சம் சாறு இறங்கியது. கரண்டியில் எடுத்து அவர் வாயிலேயே விட்டார் மனைவி. எல்லோரும் இடது கண்ணைப் பார்த்தோம். அது திறந்தது திறந்தபடியே இருந்தது.

நோனா செய்தி கேட்டு, தன் வினாகிரிப் போத்தல்களை இடுப்பிலும் கையிலுமாகத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். தன் பேரைச் சொல்ல வேண்டாம், எடுத்துப் போடு என்றார். உம்மு குல்தூம் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். போத்தல்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் கடையில் விற்கிற போத்தல் வினாகிரியைப் பற்றி வாயெடுத்தேன். விஷம் கலக்கச் சொன்னவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். மூத்தவளில் ஒரு கோப்பை அளவு இருந்தது. அதை எடுத்தால் ஒரு சஹனுக்கும் காணாது, வம்சமும் போய்விடும்.

"என்ட வினாகிரின்னுதான் சொன்னேன். இல்லன்னா இல்லன்னு சொல்லுவேன்" என்றார். மகளின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அந்த நேரத்தில் வந்து சேர்ந்தார் பதுர்தீன். கல்யாணச் சமையல் அவருடையது. பாத்திரம் பார்க்க வந்தவர். சங்கதியைக் கேட்டார். தன் வலது கையைத் தடவிக்கொண்டே மெத்தையைச் சுற்றி நடந்தார். கத்தியை எடுத்து ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டு, வெகுநேரம் மென்றார்.

"அண்டைக்கு இத எனக்கு மேல போட்டீங்க, ராத்தா. இண்டைக்கு உள்ளுக்குப் போட்டுப் பார்ப்பமே."

உம்மு குல்தூம் நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு அந்தக் கொட்டிலில் யாரும் உட்காரவில்லை. மெத்தைகளைத் தாயக்கட்டை அளவில் வெட்டினோம். சரோஜினிதேவியும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். தண்ணீரில் ஊறவைத்து, கொதிக்கவைத்துக் கொட்டி, திரும்பக் கொதிக்கவைத்து, புளிப்பின் வாடையே இல்லாமல் செய்தார்கள். பதுர்தீன் சீனிப் பாகு காய்ச்சி, கறுவாவும் ஏலக்காயும் போட்டு, கடைசியில் பன்னீர் தெளித்தார். பாகு உள்ளே ஏற ஏற வெள்ளைக் கட்டிகள் கண்ணாடியாய்த் தெளிந்தன. வழுவழுப்பான எதையும் நான் ஜன்மத்தில் தொடுவதில்லை. ஆனாலும் ஒன்றை எடுத்துக் கடித்தேன். பல்லில் அகப்படாமல் ஒரு துள்ளுத் துள்ளி, பிறகு உடைந்து, வாயெல்லாம் பாகானது. இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டேன். மஹ்ரூபுக்கும் ஒரு கரண்டி கொடுத்தார்கள். இந்த முறை இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன.

கல்யாண விருந்தில் பலர் சுற்றியிருந்து உண்ணும் ஒவ்வொரு சஹனிலும் நெய்ச்சோறு இருந்தது, இறைச்சி இருந்தது, புதினா அரைத்த மிஞ்சிச் சம்பல் இருந்தது. அச்சாறு வைக்கிற இடம் காலியாக இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம், பெண்கள் பந்தியில் நடந்ததை என் மனைவி சொல்லித்தான் அறிந்தேன். நூருன்னிஸா உட்கார்ந்ததும் உம்மு குல்தூமே அவர் முன்னால் போய் நின்றாராம். அச்சாறு இல்லை, வினாகிரி போர்வையாகிவிட்டது, சீனியை அளவுக்கு மிஞ்சிப் போட்டது தன் கைதான் என்று பந்தியெல்லாம் கேட்கச் சொன்னாராம்.  நூருன்னிஸா சாப்பிடத் தொடங்கினாராம்.

வட்டிலப்பத்தோடு சின்னக் கிண்ணங்களில் கண்ணாடிக் கட்டிகள் வந்தன. நூருன்னிஸா ஒரு கரண்டி எடுத்தார். கரண்டியை உயர்த்திப் பார்த்தார். இன்னொரு கரண்டி. இது என்ன என்று கேட்டார்.

"ஒங்கட குசினி ஜன்னலுக்குக் கீழ ஓடுற தண்ணிதான்" என்றார் உம்மு குல்தூம். "நான் சீனி போட்டேன், பதுர்தீன் பாகு போட்டாரு. மத்த வேலையெல்லாம் ஆளுங்க செஞ்சது."

"எங்கட காண் தண்ணியா?"

"அதேதான்."

நூருன்னிஸா காலிக் கிண்ணத்தை முன்னால் தள்ளினாராம். இரண்டாவது கிண்ணமும் காலியானது. பிறகு மணப்பெண் இருந்த இடத்துக்கு எழுந்து போய், மருதோன்றி சிவந்த கையைப் பிடித்து, பழையபடி தன் மூக்கருகே கொண்டுபோனாராம். முகர்ந்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டாராம். "அந்தப் பிள்ளை மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டதப்பா, பாக்க ஏலாமக் கிடந்தது" என்று சரோஜினிதேவி எனக்குச் சொன்னாள்.

மறுநாள் கலேவெலையில் மாப்பிள்ளை வீட்டு விருந்தான வலீமா. பெண்ணை அழைத்துப் போக வாசலில் கார் வந்து நின்றது. நாங்களும் வீதியில் நின்றோம். புறப்படும்போது பெரியவர்களைக் கும்பிடுவது எங்கள் வழக்கம்; றமீஸா தங்கள் வழக்கப்படி ஒவ்வொருவரிடமும் ஸலாம் சொல்லி, அழுது, வெறுங்கையோடு காரில் ஏறினாள். உம்மு குல்தூம் சிரித்த முகத்தைக் கஷ்டப்பட்டுச் சிரித்தபடியே வைத்திருந்தார். சாடியைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. சொன்ன சொல்லில் தோற்றவர் தான் என்பதால், கேட்கிற உரிமையும் தனக்கில்லை என்று நினைத்தார்போல.

நூருன்னிஸா ஒரு காலைக் காருக்குள் வைத்தவர் அப்படியே நின்றார்.

"சாடி எங்க?"

உம்மு குல்தூம், அச்சாறுதான் வைக்கவில்லையே என்று மெல்லச் சொன்னார்.

"அச்சாற புள்ள எங்கட ஊட்டுல போடட்டும். அந்தக் காண் தண்ணிக்கும் ஒரு வழி வேணும்தானே. சாடிய எடுங்க."

அந்தச் சரீரத்தோடு அவ்வளவு வேகமாக ஒருவர் ஓடி நான் பார்த்ததில்லை. முக்காடு தோளில், செருப்பு ஒன்று வாசலில். திரும்பி வந்தபோது கையில் ஒரு குட்டிச் சாடி. மூத்தவளிலிருந்து பிரித்து எடுத்த பங்கு, வாயில் புதுத் துணி. எப்போது கட்டி வைத்தாரோ தெரியவில்லை. றமீஸா ஜன்னல் வழியாக இரண்டு கையையும் நீட்டினாள். புதுப் புடைவையில் சிந்திவிடும் என்று சொல்லி நூருன்னிஸா இடையில் வாங்கி, தன்னுடைய பட்டுப் புடைவை மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆசை வந்திருக்க வேண்டும். துணி முடிச்சில் விரலை வைத்தார். வைத்த விரல் நின்றது. பக்கத்தில் மருமகளைப் பார்த்தார், வெளியே எங்களைப் பார்த்தார். பிறகு குனிந்து, யாருக்கும் கேட்காத மாதிரி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார்.

உம்மு குல்தூம் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு கார்க் கதவின் கீழே குந்தினார். அங்கிருந்து, சாடிக்குள் இருப்பவர்கள் சார்பில், மெல்லிய குரலில் பதில் சொன்னார்.